மூன்று பெட்டி, ஒரே மருந்து: சளிக்காய்ச்சல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் காய்ச்சலைப் பற்றியவை. சிங்கப்பூரில் பனிக்காலம் கிடையாது, அதனால் சளிக்காய்ச்சலுக்கும் பருவம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது ஆண்டு முழுவதும் சுற்றுகிறது. ஆனால் டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை ஒரு ஏற்றம், மே முதல் ஜூலை வரை இன்னொரு ஏற்றம் என்று இரண்டு முறை தலைதூக்கும். அந்த மாதங்களில்தான் நாம் மருந்துக்கடையில் காசை அள்ளிக் கொட்டுகிறோம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: அக்கா, என் கணவருக்கு 39 டிகிரி காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் வலி. மருந்துக்கடைக்குப் போய், பகலில் போடும் மாத்திரை, இரவில் போடும் மாத்திரை, தனியாகப் பனடால், இருமல் சிரப், தண்ணீரில் கரைக்கும் வைட்டமின் சி எல்லாம் வாங்கினேன். மொத்தம் 61 வெள்ளி. அவருக்கு ரத்த அழுத்தமும் உண்டு. இத்தனையும் தேவைதானா? (ஈசூன் வாசகி)

பதில்: தேவையில்லை. செலவை விடுங்கள், இவற்றை ஒன்றாகக் கொடுப்பதே ஆபத்து. பெட்டிகளைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பகல் மாத்திரையில் பேராசிட்டமால், இரவு மாத்திரையில் பேராசிட்டமால் என்று இருக்க வாய்ப்பு அதிகம். பனடால் என்பதே பேராசிட்டமால்தான். மூன்று பெட்டிக்கும் நிறம் வேறு, பெயர் வேறு, விலை வேறு. உள்ளே இருக்கும் முக்கிய மருந்து ஒன்றே.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் பேராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக்கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. அதைத் தாண்டினால் கல்லீரலைப் பாதிக்கும், அதுவும் முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமலே. போன ஜூனில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் இருந்த அட்டைகளை எடுத்துக் காலியான குமிழ்களை எண்ணினேன். காலையிலிருந்து மாலை 6 மணிக்குள் மூன்று பெயரில் பத்து மாத்திரை! "ஒவ்வொன்றும் வேற மருந்துதானேம்மா" என்றார். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய்தோம், நல்லவேளை பாதிப்பு இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் மாத்திரை போட்ட நேரத்தைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிவிடுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது ரத்த அழுத்தம். மூக்கடைப்புக்கான கூட்டு மாத்திரைகளில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து இருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். அவர் போடும் மாத்திரைகளின் பெயரைச் சொல்லி, கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். பணம் வாங்கும் கல்லாவில் கேட்காதீர்கள், வெள்ளைக் கோட்டுடன் உள்ளே நிற்பவரைக் கேளுங்கள். அந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.

இன்னொரு செய்தி. பல கூட்டு மாத்திரைகளில் மூக்கடைப்புக்கென்று சேர்க்கப்படும் ஃபெனைலெஃப்ரின் என்ற மருந்தை வாய்வழி சாப்பிடும்போது அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்வதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேறு விஷயம். கூட்டு மாத்திரைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்த வெள்ளிகளில் ஒரு பங்கு இதற்குத்தான் போயிருக்கிறது. காய்ச்சல் வந்தபிறகு தொடங்கும் வைட்டமின் சியும் பெரிதாகப் பலன் தருவதில்லை.

ஆக, வேண்டியது இவ்வளவே: சாதாரணப் பேராசிட்டமால், மூக்குக்கு உப்புநீர் ஸ்ப்ரே, நிறையக் கஞ்சியும் ரசமும் தண்ணீரும், ஓய்வு. பேராசிட்டமால் எந்தப் பெயரில் வந்தாலும் 500 மில்லிகிராம் 500 மில்லிகிராம்தான், கடையின் சொந்தப் பெயரில் விற்பதை வாங்கினால் போதும். திறக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். மருந்தைத் திருப்பி வாங்கப் பெரும்பாலான கடைகள் மறுக்கும், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் நம் ஊருக்கே உரியது. இங்கே கொசு இருக்கிறது, டெங்கி இருக்கிறது. இருமலும் தொண்டை வலியும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் கொளுத்தினால், கண்ணுக்குப் பின்னால் வலித்தால், டெங்கி இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை ஐபுபுரோஃபெனோ ஆஸ்பிரினோ கொடுக்க வேண்டாம். இரத்தக் கசிவை அவை கூட்டும்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழம்பினால், குறைந்திருந்த காய்ச்சல் மீண்டும் ஏறினால் மருந்துக்கடைக்குப் போகும் வேலையே வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள் அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சிங்கப்பூர்க் குடிமகள், நீரிழிவு உண்டு. சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு ஒரு கிளினிக்கில் 32 வெள்ளி, இன்னொன்றில் 48 வெள்ளி. விலை கூடியதில் மூன்றுக்குப் பதில் நான்கு வகைக் கிருமிக்குப் பாதுகாப்பு இருக்கிறதாம். எதைப் போடுவது? (செங்காங் வாசகர்)

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: அம்மா அரசின் ஹெல்தியர் எஸ்ஜி என்ற சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருக்கிறாரா? அந்தத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதில் சேர்ந்து ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளை அந்தக் கிளினிக்கிலேயே போட்டால் கட்டணம் இல்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா போன்றவை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சளிக்காய்ச்சல் ஊசி பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் அம்மா இரண்டு வகையிலும் வருகிறார். பதிந்த கிளினிக்கை விட்டு வேறு கிளினிக்கில் போட்டால் இந்தச் சலுகை கிடைக்காது, பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். பதியவில்லை என்றாலும் சாஸ் என்ற அரசு மானியத் திட்டத்தில் இருக்கும் கிளினிக்குகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் மானியம் உண்டு, மீதியை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம்.

நான்கா மூன்றா என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. நான்காவதாகச் சேர்க்கப்பட்டிருந்தது பி வகையில் யமகாட்டா என்ற கிருமி. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் அது பரவியதாக உறுதியாகவில்லை. அதனால் அதைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டியதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. காணாமல் போன கிருமிக்காகக் கூடுதலாக 16 வெள்ளி கொடுக்காதீர்கள்.

கேட்க வேண்டியது வேறு. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கும் செப்டம்பரில் தென் பாதிக்கும், ஊசியில் எந்தக் கிருமிகளைச் சேர்ப்பது என்று முடிவு சொல்கிறது. சிங்கப்பூருக்கு இரண்டும் வருகின்றன. "இது எந்தப் பருவத்துக்கானது, காலாவதி தேதி என்ன?" என்று கேட்டு, பெட்டியைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஊசியின் விலையோடு ஆலோசனைக் கட்டணம் தனியா, பொருள் சேவை வரி சேர்ந்ததா என்பதையும் தொலைபேசியிலேயே கேளுங்கள். 32 வெள்ளி என்று சொன்ன இடத்தில் கடைசியில் 60 வெள்ளி பில் வருவது இப்படித்தான்.

போட்டபிறகு பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் விமானம் ஏறும் முதல்நாள் போட்டுப் பயனில்லை. கை வலிக்கும், சிலருக்கு லேசாக உடம்பு சுடும். இங்கே வழக்கமாகக் கையில் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஊசியாலேயே சளிக்காய்ச்சல் வராது. ஊசி போட்டும் சிலருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். ஆனால் மருத்துவமனைப் படுக்கைவரை போகும் வாய்ப்பு குறைகிறது, அம்மாவின் வயதில் அதுதான் முக்கியம். வீட்டில் 9 வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்து, முதல்முறையாகப் போடுகிறார்கள் என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் டாமிஃபுளூ என்ற சளிக்காய்ச்சல் மருந்தை விற்கிறார். அவசரத்துக்கு வீட்டில் வாங்கி வைக்கலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: வாங்காதீர்கள். அது மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கிடைக்க வேண்டிய மருந்து. அப்படி ஒரு மருந்தைக் குழுவில் விற்பது சட்டப்படி தவறு, அது உண்மையான மருந்துதானா என்று உறுதிசெய்ய உங்களுக்கு வழியும் இல்லை. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த மருந்து என்ன செய்யும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நோய் ஏறக்குறைய ஒரு நாள் சீக்கிரம் தீரும். ஆரோக்கியமான முப்பது வயதுக்காரருக்கு அது பெரிய ஆதாயம் இல்லை. முதியவர், கர்ப்பிணி, நீண்டநாள் நோயாளி, கைக்குழந்தை என்றால் அந்த 48 மணி நேரம் பொன்னானது. அவர்களுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும், "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று இருக்கக்கூடாது. கிளினிக்கில் ஆண்டிபயாட்டிக் வேண்டும் என்று கேட்டு வாங்காதீர்கள். சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, ஆண்டிபயாட்டிக் அதைத் தொடாது.

கேள்வி: கோவிட்டையும் சளிக்காய்ச்சலையும் சேர்த்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் ஏஆர்டி கருவி வாங்குவது பயனுள்ளதா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: மேலே சொன்ன முதியவர், கர்ப்பிணி, நீண்டநாள் நோயாளி, கைக்குழந்தை யாராவது வீட்டில் இருந்தால் ஒன்றிரண்டு வைத்திருங்கள், முடிவைக் கையோடு மருத்துவரிடம் காட்டலாம். மற்றவர்களுக்கு, கோடு வந்தாலும் வராவிட்டாலும் செய்யப்போவது அதே ஓய்வும் முகக்கவசமும்தான். கோடு வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மலிவு விற்பனையில் வாங்கினால் காலாவதி தேதியைப் பாருங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அத்தை வரும்போது காய்ச்சல் மாத்திரையும் பிள்ளைகளுக்கு இருமல் சிரப்பும் கொண்டுவருகிறார். இங்கே விற்கும் விலையில் கால்வாசிதான். பயன்படுத்தலாமா? (தேக்கா பக்கம் வசிக்கும் வாசகி)

பதில்: சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மருந்து கொண்டுவர அனுமதி உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அத்தைக்குத் தெரியாமலே பெட்டியில் இருந்தாலும் சிக்கல்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன், கொடுக்காதீர்கள். ஊரில் காய்ச்சலுக்கு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் நிமெசுலைடு இருக்கிறது. கல்லீரல் பாதிப்பு காரணமாக அதன் விற்பனை சிங்கப்பூரில் 2007-இல் நிறுத்தப்பட்டது. இந்தியாவிலேயே 12 வயதுக்குக் கீழ் கொடுக்க 2011-இல் தடை வந்தது. இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு கலந்து காம்பியாவில் பிள்ளைகள் இறந்ததையொட்டி, இந்தியாவில் தயாரான நான்கு சிரப்புகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் எச்சரித்தது. எல்லா மருந்தும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பாட்டிலைப் பார்த்து எது நல்லது என்று நம்மால் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் போதும், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. காய்ச்சலுக்கு எந்தப் பிள்ளைக்கும் ஆஸ்பிரின் வேண்டாம்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. மாமியார் கோடாலித் தைலம் தடவச் சொல்கிறார். தடவலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வேண்டாம்மா. அதில் கற்பூரமும் மெந்தாலும் இருக்கின்றன, கைக்குழந்தையின் மூச்சுப்பாதைக்கு அவை ஆகாது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறைபாடு) உள்ள குழந்தை என்றால் கூடுதல் ஆபத்து. மாமியாரிடம் "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று சொல்லுங்கள், மனத்தாங்கல் வராது. இரண்டு சொட்டு உப்புநீர் விட்டு மெதுவாக உறிஞ்சி எடுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, நாப்பி வழக்கம்போல் நனையாவிட்டாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலே வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு 89 வெள்ளிக்கு நெற்றி வெப்பமானி வாங்கினேன். காய்ச்சல் கொதிக்கும்போதும் 36.4 காட்டுகிறது. வாங்கிய ஏழு நாளுக்குள்தான் மாற்றித் தருவோம் என்கிறார்கள் கடையில். (செராங்கூன் வாசகர்)

பதில்: முதலில் ஒரு சோதனை. குளிர்சாதன அறையிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தவுடன், வியர்வையோடு நெற்றியில் பிடித்தால் எந்தக் கருவியும் தப்பாகத்தான் காட்டும். அரைமணி நேரம் சாதாரண அறையில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்து, அக்குளில் வைக்கும் பத்து வெள்ளி டிஜிட்டல் வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. ஒன்று 38.9, மற்றது 36.4 என்றால் கருவி பழுது.

அப்படியானால் ஏழு நாள் என்ற கடை விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். அவர்கள் முதலில் பழுதுபார்த்துத் தரலாம் அல்லது மாற்றித் தரலாம். இரண்டும் நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். இரண்டு வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காணொளி எடுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதன் பிறகு சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். ரசீது வழவழத் தாளில் இருந்தால் எழுத்து மங்கிப் போகும், அதை இன்று இரவே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.