மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: வடசென்னையின் கேள்விகளும் என் பதில்களும்

பதினொரு ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் இடையில் மாடி மாடியாக ஏறிப் பேனல் மாட்டுவதுதான் என் பிழைப்பு. விற்பவன் பதில் சொன்னால் விற்பனைதான் நடக்கும் என்று நினைப்பவர்கள் இரண்டாவது பதிலை முதலில் படிக்கலாம்.

திருவொற்றியூர்: போன ஆண்டு வரை எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட இல்லை. இப்போது நான்கு மாடிகளில் மின்னுகிறது. நாள் தவறாமல் யாராவது துண்டுச்சீட்டோடு வருகிறார்கள். ஏன் இந்தத் திடீர் மவுசு?

2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் என்ற ஒன்றிய அரசின் மானியத் திட்டம்தான் முதல் காரணம். ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். பேனலின் திறனைக் கிலோவாட்டில் அளப்பார்கள்; 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஐந்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். இதைத் துண்டுச்சீட்டில் போட மாட்டார்கள். பேனல் விலை பல ஆண்டுகளாகவே இறங்கிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது.

வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். திட்டத்தில் பதிவு பெற்றவரா? பேனலும், வெயிலை மின்சாரமாக்கும் அதன் சிறு கட்டங்களான செல்லும் இந்தியத் தயாரிப்பா? இல்லையென்றால் மானியம் கிடைக்காது. மானியம் வேலை முடிந்து, சோதனையும் முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். "மானியத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வியாசர்பாடி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் ஆகிறது. போடலாமா?

வேண்டாம் அம்மா. 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மீதி 80 யூனிட்டுக்காகக் கடன் வாங்கினால் வட்டிகூடத் தேறாது.

பெரம்பூர்: இரண்டு ஏ.சி. ஓடுகிறது. கோடையில் 750 யூனிட் வரை போகிறது.

உங்களுக்குத்தான் இது. சென்னையில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட் அளவில் எதிர்பார்க்கலாம். 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் போய்விடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதே பெரிய லாபம். பகலில் மிஞ்சுவது, வருவதையும் போவதையும் சேர்த்துக் கணக்கிடும் நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குப் போய் உங்கள் கணக்கில் கழியும்.

நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது மாடியேறிப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எவ்வளவு நீளும் என்று அப்போதுதான் தெரியும்.

காசிமேடு: கடலுக்கு மிக அருகில் வீடு. உப்புக் காற்றில் தாங்குமா?

பேனல் தாங்கும், அதைத் தூக்கி நிறுத்தும் இரும்புச் சட்டம்தான் தாங்காது. சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்துத் தந்தால் சில மழைக்காலத்தில் துரு உள்ளே இறங்கிவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு, துருப்பிடிக்காத எஃகு போல்ட், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேனல் வாங்கும்போது உப்புப் புகை சோதனையில் தேறியதா என்று கேளுங்கள்.

உங்கள் பக்கத்தின் உண்மையான எதிரி காக்கை. கருவாடு காயும் இடத்தில் காக்கை இல்லாமல் இருக்குமா? ஒரு செல்லின் மேல் எச்சம் படிந்தால் அந்த ஓர் இடம் மட்டும் சூடேறி, நாளடைவில் கருகும். மொத்த உற்பத்தியும் குறையும். வடக்கே போகப் போக அனல்மின் நிலையச் சாம்பல் தூசி, மணலி பக்கம் லாரித் தூசி. வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி போதும். வெயில் ஏறுமுன் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.

கொடுங்கையூர்: கரண்ட் போனால் இதில் ஓடுமா?

ஓடாது. கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, மின்வாரிய இணைப்பு நின்றதும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பு தனி, அதன் விலையும் தனி.

ராயபுரம்: எட்டு குடித்தனம் உள்ள அடுக்ககம். மாடி பொது.

எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால் நடக்கும். மோட்டார், லிஃப்ட் போன்ற பொதுச் செலவுக்குச் சங்கமே போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. சம்மதம் வாங்குவதுதான் கடினம், அதற்கு நான் நிபுணன் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டை: பேனல் போட்டால் வடகம் காயவைக்க இடம் இருக்காது என்று மாமியார் மறுக்கிறார்.

எட்டடி உயரத்தில் சட்டம் கட்டினால் கீழே நடக்கலாம், துணி உலர்த்தலாம். செலவு கூடும். உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும், 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தூணை மாடியின் பீமோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வடகம்? அதற்கு நேர் வெயில் வேண்டுமே அக்கா. தென்கிழக்கு மூலையில் பத்துக்குப் பத்து இடத்தை மாமியாருக்கென்று விட்டுவிட்டு மீதியை அளக்கச் சொல்லுங்கள்.