கல்யாண வீட்டில் இஸ்லாமியப் பாட்டுக் கச்சேரி: கூடுமா, கூடாதா?

கேள்வி: ஹஜ்ரத் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த மாதம் என் மகளுக்கு நிகாஹ். அன்று மாலை மண்டபத்தில் இஸ்லாமியப் பாடல் கச்சேரி வைக்க ஒரு குழுவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கீபோர்டு, தபேலா எல்லாம் உண்டு. பாடப்போவது அல்லாஹ்வையும் ரசூலையும் பற்றித்தானே, இதில் என்ன தவறு என்று நினைத்தேன். இப்போது என் தம்பி, "இசை என்றாலே ஹராம், தஃப் என்கிற வட்டக் கொட்டுகூடக் கூடாது" என்கிறான். மாப்பிள்ளையின் பெரியப்பா, கச்சேரி நடந்தால் விருந்துக்கு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என் அம்மாவோ, நாகூர் ஹனிபா பாட்டு இல்லாமல் ஒரு கல்யாணமா என்று கேட்கிறார்கள். வாத்தியம் இல்லாமல் குரலை மட்டும் வைத்துச் செய்த பாடல்களை ஸ்பீக்கரில் போடலாம் என்று என் மகன் யோசனை சொல்கிறான். நாங்கள் ஹனஃபி, மாப்பிள்ளை வீட்டார் ஷாஃபி. நான் என்ன செய்யட்டும்? — தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு தகப்பன்.

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். மகளின் இல்லறத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு கூடும். கல்யாணத்தில் தஃப் கூடும். கீபோர்டு, நீங்களும் சம்பந்தி வீட்டாரும் பின்பற்றும் இரண்டு மத்ஹபுகளின்படியும் (மார்க்கச் சட்ட வழிகளின்படியும்) கூடாது. உங்கள் தம்பி கச்சேரியைப் பற்றிச் சொன்னது சரி, தஃபைப் பற்றிச் சொன்னது சரியில்லை.

"பாடப்போவது அல்லாஹ்வையும் ரசூலையும் பற்றித்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வாசகத்தைத்தான் சொல்கிறார்கள். வரிகள் புனிதமானவை என்றால் வாத்தியமும் கூடிவிடும் என்பது எண்ணம். ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டினால் அப்படி ஒரு வழி எங்கும் இல்லை. வரிகளுக்குத் தனிச் சட்டம், கருவிக்குத் தனிச் சட்டம். பக்திப் பாடல் என்றால் இன்னும் கறாராகப் பார்த்தவர்களும் உண்டு. இமாம் ஷாஃபி அவர்கள் காலத்தில் பக்தாதில் 'தஃக்பீர்' என்று ஒரு வழக்கம் இருந்தது. துறவையும் மறுமையையும் பற்றிய கவிதைகளைப் பாடிக்கொண்டே, தோல் விரிப்பிலோ திண்டிலோ குச்சியால் தட்டித் தாளம் போடுவார்கள். சினிமாப் பாட்டு அல்ல, காதல் பாட்டு அல்ல. முழுக்க முழுக்க ஆன்மிகம். அதைத்தான் இமாம் அவர்கள், குர்ஆனிலிருந்து மக்களைத் திருப்புவதற்காக மார்க்க விரோதிகள் கிளப்பிவிட்ட ஒன்று என்று கண்டித்தார்கள். இதைவிடக் கடுமையாக அவர்கள் பேசிய இடங்கள் அதிகமில்லை.

காரணம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தஃபுக்கு இடம் கொடுத்த நிகழ்ச்சிகளைப் பாருங்கள்: பெருநாள், கல்யாணம், பயணத்திலிருந்து நலமாகத் திரும்பியது. எல்லாம் மகிழ்ச்சியான வேளைகள். ஒரு பெண்ணை மதீனத்து அன்சாரி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைத்தபோது, தம் மனைவியிடம், "ஆயிஷாவே, உங்களிடம் கேளிக்கை எதுவும் இல்லையா? அன்சாரிகளுக்குக் கேளிக்கை பிடிக்குமே" என்று கேட்டார்கள் என்று புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் வருகிறது. கேளிக்கை என்றே சொன்னார்கள். அதை வணக்கம் என்று அவர்கள் சொல்லவுமில்லை, அப்படிச் செய்யவுமில்லை. கல்யாண வீட்டில் கொட்டி மகிழ்வது ஒன்று; கீபோர்டு வாசித்து அல்லாஹ்வின் நெருக்கத்தைத் தேடுகிறேன் என்பது வேறொன்று. முதலாவதற்கு ஆதாரம் இருக்கிறது.

இனி உங்கள் தம்பிக்காகச் சில வார்த்தைகள். முஅவ்விதின் மகள் ருபய்யிஉ (ரலி) தம் கல்யாணத்தை விவரிக்கிறார்கள். மறுநாள் காலை நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்து விரிப்பில் அமர்ந்தார்கள். சிறுமிகள் தஃப் அடித்து, பத்ருப் போரில் ஷஹீதான பெரியவர்களைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி உற்சாகத்தில், "நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள். "இதை விட்டுவிடு, முன்பு பாடியதையே பாடு" என்றார்கள் நபியவர்கள். இது புகாரியில் உள்ள ஹதீஸ். தஃபை நிறுத்தச் சொல்லவில்லை, பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. வரியைத்தான் திருத்தினார்கள். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் இரு சிறுமிகள், இஸ்லாத்துக்கு முந்தைய புஆஸ் போர்ப் பாடல்களைப் பாடியபோது, "அல்லாஹ்வின் தூதர் வீட்டில் ஷைத்தானின் குழலா?" என்று அபூபக்ர் (ரலி) அதட்டினார்கள். "விட்டுவிடுங்கள் அபூபக்ரே, ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு; இது நம் பெருநாள்" என்பதுதான் கிடைத்த பதில். இசைக் கருவிகளைக் கடுமையாக மறுத்த சவூதி அறிஞர் இப்னு பாஸ்கூட, கல்யாணத்தில் பெண்கள் தஃப் அடிப்பதை அனுமதித்தவர்தான். அவரையும் தாண்டிப் போக உங்கள் தம்பிக்குத் தேவை என்ன இருக்கிறது?

பாட்டு என்று பொதுவாகச் சொன்னால், மதீனத்துப் பள்ளிவாசலிலேயே ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) கவிதை சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் உமர் (ரலி) முறைத்துப் பார்த்தபோது, "உங்களைவிடச் சிறந்தவர் (நபியவர்கள்) இங்கே இருந்தபோதே நான் பாடியிருக்கிறேன்" என்று பதில் சொன்னவர் அவர். அகழ்ப்போரில் மண் சுமந்தபோது நபி (ஸல்) அவர்களே நபித்தோழர் இப்னு ரவாஹாவின் வரிகளை உரத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் மவ்லிதும் முனாஜாத்தும் பைத்தும் வாத்தியம் இல்லாமல் வாயால் ஓதப்பட்டு வந்தவைதாம். அவற்றில் ஓதப்படும் வரிகளைப் பற்றி ஆலிம்களிடையே வாதம் உண்டு. அது இசையைப் பற்றிய வாதம் அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் ஊர்களில் அன்றாடம் நடக்கிறது.

கீபோர்டுக்கு வருவோம். அடிப்படை ஆதாரம் புகாரியில் உள்ளது: என் சமுதாயத்தில் சிலர் வருவார்கள், விபச்சாரத்தையும் பட்டாடையையும் மதுவையும் 'மஆஸிஃப்' என்னும் இசைக் கருவிகளையும் ஆகுமாக்கிக்கொள்வார்கள் என்ற ஹதீஸ். இமாம் புகாரி இதை "ஹிஷாம் இப்னு அம்மார் சொன்னார்" என்று பதிவு செய்திருக்கிறார்கள். "எங்களுக்கு அறிவித்தார்" என்ற வழக்கமான சொல் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, அறிவிப்பாளர் தொடர் அறுந்திருக்கிறது, ஆதாரமாகாது என்றார் அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064). இசையைத் தடுக்கும் ஹதீஸ் எதுவுமே ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது) இல்லை என்பது அவருடைய நிலை. ஹதீஸ் கலை அறிஞர்களான இப்னு ஸலாஹ் அவர்களும் இப்னு ஹஜர் அவர்களும் இதற்குப் பதில் எழுதினார்கள். ஹிஷாம், புகாரி இமாமின் நேரடி ஆசிரியர். அதே ஹதீஸ் அறுபடாத தொடர்களோடு வேறு நூல்களிலும் வந்திருக்கிறது என்று இப்னு ஹஜர் எடுத்துக்காட்டினார்கள். ஹதீஸ் கலையில் இப்னு ஹஜரின் பதில்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

மது, விபச்சாரத்தோடு சேர்ந்த கூத்தைத்தான் ஹதீஸ் கண்டிக்கிறது, தனி இசையை அல்ல என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் மதுவையும் தனியாகக் குடித்தால் கூடுமா என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனாலும் எகிப்தின் அல்அஸ்ஹர் கல்விநிலையத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், 2022-ல் மறைந்த யூசுஃப் அல்கர்ளாவி போன்றவர்கள் நிபந்தனைகளோடு இசையை அனுமதித்தார்கள். அவர்களைப் பின்பற்றுகிறவரை ஃபாஸிக் (பாவி) என்று ஏச நமக்கு வேலையில்லை. நீங்கள் மத்ஹபைச் சொல்லிக் கேட்டிருப்பதால் மத்ஹபின்படி பதில் தருகிறேன்.

ஷாஃபி மத்ஹபில் இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜ், குடிகாரர்களின் அடையாளமாக இருந்த தம்பூர், ஊது என்னும் நரம்புக் கருவிகள், ஜால்ரா, குழல் ஆகியவற்றை ஹராம் என்கிறது. 'கூபா' என்னும், நீளமான, இடை சிறுத்த கொட்டையும் தடுக்கிறது. உருவத்தில் நம் உடுக்கைதான் அது. கல்யாணத்துக்கும் கத்னா என்னும் விருத்தசேதனத்துக்கும் தஃப் கூடும், சலங்கை கோத்திருந்தாலும் சரி என்கிறது. ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா இதைவிடக் கறார். கல்யாண தஃபுக்கு இடமுண்டு. ஆனால் சலங்கை கூடாது, கிறங்க வைக்கிற தாளத்தில் அடிக்கக் கூடாது என்று டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) விளக்குகிறார். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழுப்பக் கொட்டு அடிப்பதைக் கூடும் என்றவரும் அவர்தான். நம் தெருக்களில் ஸஹர் நேரத்தில் பக்கீர்மார்கள் தாயிரா தட்டிக்கொண்டு வருவார்களே, அதற்கு அவரிடம் அனுமதி கிடைத்துவிடும்.

ஆக, இரு வீட்டாருக்கும் பொதுவாக ஒத்துவருவது சலங்கை இல்லாத தஃப். வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல். கஞ்சிராவில் போல விளிம்பில் உலோக வில்லைகள் இருந்தால் ஹனஃபிகளுக்கு ஆகாது. யார் அடிப்பது என்பதிலும் வேறுபாடு உண்டு. ஹனஃபி ஆலிம்களில் பலர் அதைப் பெண்களுக்கு மட்டும் உரியதாகச் சொல்கிறார்கள். ஷாஃபிகளில் பெரும்பாலோர் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பெண்கள் பகுதியில் பெண்களே தஃப் அடித்துப் பாடட்டும், சத்தம் ஆண்கள் பக்கம் வராமல் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு. ஆண்கள் பகுதியில் பைத் பாடும் சபா போதும். உங்கள் அம்மாவின் ஆசையும் இங்கேயே நிறைவேறிவிடும். ஹனிபாவின் பாடல்கள் நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அவர்களே பாடினால் இருக்கிற குதூகலம் கச்சேரியில் வராது. அம்மா வீட்டில் தனியாக அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால், தம்பி போய்ப் பறிக்க வேண்டாம். வாத்தியம் பற்றிய சட்டத்தை மரியாதையோடு ஒருமுறை எடுத்துச் சொல்லலாம். அதற்கு மேல் போவது பெற்றவளிடம் காட்ட வேண்டிய பணிவுக்குப் பொருந்தாது.

பாடல் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். வரிகளை மெட்டில்லாமல் வெறும் வாசகமாகப் படித்துப் பாருங்கள். அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய மறைவான ஞானத்தையோ ஆற்றலையோ வேறொருவருக்குக் கொடுக்கிற வரி கண்ணில் பட்டால் நீக்கிவிடுங்கள். ருபய்யிஉ வீட்டில் நபியவர்கள் செய்தது அதைத்தான். சினிமா மெட்டில் ஸலவாத்து பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இது பொறுக்காது. மெட்டு தொடங்கியதும் மண்டபத்தில் பாதிப் பேர் மனத்தில் ஓடுவது படத்தின் காட்சிதானே? ரசூலின் பெயர் அங்கே பின்பாட்டு.

உங்கள் மகன் சொன்ன குரல்வழிப் பாடல்களில் இரண்டு வகை இருக்கிறது. பல குரல்கள் சேர்ந்து பாடுவது, ஹம்மிங் கொடுப்பது கூடும். குரலைப் பதிவு செய்து, கணினியில் திருகி, கேட்கிறவர் வயலின் என்றே நம்பும்படி மாற்றிய பாடல்களை ஆலிம்கள் பலர் இசைக் கருவியின் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். காதுக்கு எது கேட்கிறதோ அதுதான் கணக்கு. சந்தேகமானதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா விஷயம் ஹிதாயாவில் அப்படியே இருக்கிறது. வலீமா விருந்துக்கு அழைக்கப்பட்டவர், போன இடத்தில் பாட்டும் கூத்தும் இருக்கக் கண்டால், உட்கார்ந்து சாப்பிடுவதில் தவறில்லை. இமாம் அபூஹனீஃபா அவர்களே, "ஒருமுறை எனக்கும் இந்தச் சோதனை வந்தது, பொறுத்துக்கொண்டேன்" என்றார்கள். அழைப்பை ஏற்பது சுன்னத். பிறர் செய்யும் தவறுக்காக அதை விட வேண்டியதில்லை. மக்கள் பார்த்துப் பின்பற்றும் நிலையில் இருப்பவர் மட்டும், தடுக்க முடியாவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். ஆனால் கச்சேரி உண்டு என்று முன்பே தெரிந்தால் போக வேண்டாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆகவே அவர் மீது குறை சொல்ல வழியில்லை. நீங்களே தொலைபேசியில் அழைத்து, வாத்தியம் இல்லை என்று சொல்லுங்கள். வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். சம்பந்தி வீட்டு மனத்தாங்கல் பாதி அப்படித்தான் வளர்கிறது.

மிச்சமிருப்பது முன்பணம். குழுத் தலைவரிடம், கீபோர்டும் தபேலாவும் இல்லாமல் வந்து பாட முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் பேசிய தொகையைக் குறைக்காதீர்கள். முடியாது என்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முன்பணத்தை அவர் திருப்பித் தர வேண்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹன்பலி மத்ஹபில் அவர் வைத்துக்கொள்ளலாம், மற்ற மூன்றில் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் கேட்டு வாங்காதீர்கள். உங்களுக்காக அந்தத் தேதியில் வேறு நிகழ்ச்சியை அவர் மறுத்திருக்கக்கூடும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே சொல்லிவிட்டால் வேறு இடத்தில் ஒப்புக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைக்கும்.