பொனேர் தீவில் பேசும் பாப்பியமெந்து வெறும் உடைந்த ஸ்பானிஷ்தானா?

இல்லை. ஸ்பானிஷ் தெரிந்தவருக்குக் காதில் விழுவது பாதி புரிந்துவிடும், அதனால் அப்படித் தோன்றுகிறது. டச்சுக்காரர் ஆளும் தீவில், பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் ஏன் ஸ்பானிஷ் சாயலில் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தீவின் கதைக்குப் போக வேண்டும்.

கரீபியக் கடலில், வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தள்ளி, 288 சதுர கி.மீ. பரப்பில், கள்ளியும் பவளப்பாறையுமாக வறண்டு கிடக்கிற தீவு. மண்ணின் மக்கள் காக்கெத்தியோ பழங்குடியினர். 1499இல் ஸ்பானியர் வந்தார்கள். தங்கம் இல்லை என்று தெரிந்ததும் 'உதவாத தீவுகள்' என்று முத்திரை குத்தினார்கள். 1515 வாக்கில் மக்களைப் பிடித்து ஹிஸ்பானியோலாவுக்கு (இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள தீவு) கப்பலேற்றினார்கள். பிறகு சிலரைத் திருப்பிக் கொண்டுவந்து கால்நடை மேய்க்க வைத்தார்கள். 1636இல் தீவு டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனிக்கு வேண்டியிருந்தது உப்பு. ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த டச்சுக்காரருக்கு உப்பு இல்லாமல் முடியாது.

தெற்கு முனையில் தரை கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். கடல்நீரைப் பாத்தியில் விட்டால் ஓயாத காற்றும் வெயிலும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நீர் சுண்டச் சுண்ட உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிப் பாத்தியே ரோஸ் நிறமாகிவிடும். அந்த உப்பை வெட்டிச் சுமந்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பிற்காலத்தில் இவர்களில் பலர் அரசாங்கத்துக்கே சொந்தம். 'கத்திபு தி ரெய்', அரசரின் அடிமைகள் என்று பெயர். 1850இல் பாத்திக் கரையில் கட்டிய கல் குடிசைகள் இன்றும் நிற்கின்றன. வாசல் இடுப்பளவுதான். குனிந்து நுழைந்தாலும் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குடும்பங்கள் இருந்ததோ வடக்கே ரிங்கோன் ஊரில். வார இறுதியில் வீட்டைப் பார்க்க ஏழு மணி நேரம் நடக்க வேண்டும். ரிங்கோன் குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது, கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. அடிமை முறை ஒழிந்தது 1863 ஜூலை 1 அன்று. தீவின் பாட்டும் பேச்சும் அறுவடைக் கொண்டாட்டமும் தலைநகர் க்ராலெண்டைக்கைவிட ரிங்கோனில்தான் அதிகம் தங்கியிருக்கின்றன.

மொழி உருவானது பக்கத்துத் தீவான குராசாவோவில். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரின் பெரிய அடிமைச் சந்தை அது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துகீசியம் கலந்து பிறந்த ஒரு பேச்சு கப்பலில் வந்து, அதன்மேல் ஸ்பானிஷும் டச்சும் படிந்தன என்ற விளக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. நேரே ஸ்பானிஷிலிருந்து கிளைத்தது என்பவர்களும் உண்டு. பேசுவதற்கு 'பாப்பியா', கறுப்புக்கு 'ப்ரெத்து', நாய்க்கு 'கச்சோ', இவையெல்லாம் போர்த்துகீசியத்தின் பக்கம் கை காட்டுகின்றன. புத்தகத்துக்கு 'புக்கி', நன்றிக்கு 'டாங்கி', இவை டச்சு. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய பாப்பியமெந்து எழுத்து, 1775இல் குராசாவோ யூதர் ஒருவர் எழுதிய கடிதம். அதற்குள் அடிமைக் குடிசையைத் தாண்டி எஜமானர் வீட்டுக்குள்ளும் மொழி புகுந்துவிட்டது.

'உடைந்தது' என்பதற்கு இலக்கணமே பதில். வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. முன்னால் நிற்கும் சிறுசொல்தான் காலம் காட்டும். 'பாய்' என்றால் போ. 'மி தா பாய்' போகிறேன், 'மி அ பாய்' போனேன், 'மி தபாத்தா பாய்' போய்க்கொண்டிருந்தேன். எதிர்காலத்துக்கு 'லோ'. இது நான், நீ, அவன் என்ற ஒருமைப் பெயர்களுக்கு முன்னால் குதித்துவிடும்: 'லோ மி பாய்', போவேன். பன்மையில் பின்னால் வரும்: 'நோஸ் லோ பாய்', போவோம். அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே 'எ'.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'சா' (தெரியும்), 'போர்' (முடியும்), 'கே' (வேண்டும்), 'தின்' (என்னிடம் இருக்கிறது) ஆகியவை 'தா' ஏற்காது. தண்ணீர் வேண்டும் என்பதற்கு 'மி கே அவா'. 'மி தா கே' என்றால் தப்பு. நமக்கு இது சுலபமாகப் பிடிபட வேண்டும், தமிழிலும் தெரியும், முடியும், வேண்டும் ஆகியவை தனி ரகம்தானே. பன்மையும் அப்படித்தான். வீடு 'காஸ்', வீடுகள் 'காஸ்னான்'. எண் வந்துவிட்டால் விகுதி போய்விடும்: 'த்ரேஸ் காஸ்', நாம் பேச்சில் 'மூணு வீடு' என்பதுபோல. அந்த 'நான்' தனியே நின்றால் 'அவர்கள்' என்று பொருள். தமிழ்க் காதுக்குக் கொஞ்ச நாள் குழப்பும்.

எழுத்தைவிடக் காதுக்குத்தான் பயிற்சி தேவை. 'மாத்தா' என்பதில் குரல் முதல் அசையில் ஏறினால் செடி, இரண்டாவதில் ஏறினால் கொல். அழுத்தமும் கடைசி அசைக்குப் போனால் கொல்லப்பட்டது. ஸ்பானிஷ் பழக்கத்தில் சமமாக உச்சரித்தால் கேட்பவர் சிரிப்பார்.

சொற்களில் ஒன்று எனக்குப் பிடித்தது. ரிங்கோன் வயல்களில் விளைவது நம் வெள்ளைச் சோளம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மைஷி சிக்கி', சின்ன மக்காச்சோளம். நாம் சோளத்தை வைத்து மக்காச்சோளத்துக்குப் பெயர் வைத்தோம், அவர்கள் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

போகிறீர்கள் என்றால் டச்சும் ஆங்கிலமும் போதும். 2011 முதல் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் 'போன் தியா' (காலை வணக்கம்) சொல்லிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள், சொல்லாமல் கேட்பது மரியாதைக் குறைவு. அகராதி வாங்கினால் குராசாவோ பதிப்பை வாங்குங்கள். பொனேரும் குராசாவோவும் ஒலிப்படி எழுதுகின்றன. இதே மொழி பேசும் இன்னொரு பக்கத்துத் தீவான அரூபா மூலச்சொல்லை ஒட்டி எழுதுகிறது. மரம் இங்கே 'பாலு', அங்கே 'பாலோ'. வீடு என்ற சொல்லையே இங்கே K எழுத்தில் தேட வேண்டும், அரூபா அகராதியில் ஸ்பானிஷ் போல C எழுத்தில்.