கோலத்தில் எத்தனை கம்பி?

அன்புள்ள அண்ணாவுக்கு,

தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு இல்லை. கலைப் பிரிவில், தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். புரோகிராம் எழுதக் கணிதம் தேவையில்லை என்கிறார்கள். நீங்களோ ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறையான அல்கோரிதத்தின் அடியில் கணிதம்தான் இருக்கிறது என்று எழுதினீர்கள். கொழுந்து பறிக்கும் என் அம்மா மார்கழியில் லயத்து வாசலில் போடும் கம்பிக் கோலத்திலும் கணிதம் இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறது. அதுவும் நீங்கள் கீழ் வகுப்பிலேயே படித்து முடித்த கணிதம்.

நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கம்பிகள் குறுக்காக வெட்டிக்கொள்ள வேண்டும்; ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். கை எடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்துவிடும். ஐந்தை ஆறாக்கினால் இரண்டு கம்பி. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று கம்பி. அந்த இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை கம்பி!

இப்போது 21க்கு 15 கோலத்தை எடுத்துக்கொள்வோம். கணிதம் தெரியாத புரோகிராம் 594 வெட்டுமிடங்களையும் கடந்து கம்பிகளை எண்ணும். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 அளவில் எழுதிவைத்த முறைப்படி, இரண்டும் சமமாகும்வரை பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போனால் போதும்: 21, 15; 6, 15; 6, 9; 6, 3; 3, 3. மூன்று கம்பி. 2100க்கு 1500 என்று கோலத்தைப் பெருக்கினாலும் அதே நான்கு கழித்தல்தான். விடை 300. வேகமான கணினி வாங்கித் தீர்க்கிற விஷயமல்ல இது.

கோலத்தைக் கணினிக்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை, மொழிக்கு இருப்பது போன்ற இலக்கண விதிகளால் உருவாக்குவது பற்றி 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

கணிதம் தேவையில்லை என்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. கடைக்கு பில் போடும் புரோகிராமைக் கூட்டல், பெருக்கலோடு எழுதிவிடலாம். ஆனால் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லை என்பதற்காக நீங்கள் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. நுண்கணிதம் பிறகு வரட்டும். முதலில் எண் கோட்பாடு, தருக்கம், நிகழ்தகவு ஆகியவற்றைப் படியுங்கள். இவற்றைத் தொடங்கச் சாதாரண தரக் கணிதம் போதும்.

ஒரு வேலையும் தருகிறேன். ஆறுக்கு நான்கு கோலத்தின் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று வெட்டும் ஓர் இடத்தில், வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்புங்கள். இரண்டும் ஒரே கம்பியாகிவிடும். ஒரே கம்பி தன்னைத் தானே வெட்டும் இடத்தில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று புரோகிராம் எழுதிப் பார்த்து, எனக்கு எழுதுங்கள்.