24 வயசுல முடி நடலாமா? நட்டவன் சொல்றேன்

கேள்வி கேட்ட தம்பிக்கு 24 வயசாம், நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிட்டே போகுதாம், வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். கல்யாணத்துக்கு முன்னாடி ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிடலாமா, வலிக்குமா, எத்தனை நாள் லீவு போடணும்னு கேட்டிருக்கார். நான் பண்ணிருக்கேங்க, கோயம்புத்தூர்ல, 33 வயசுல. வலி, லீவு எல்லாம் சின்ன விசயம், அதுக்கு கீழ பதில் இருக்கு. ஆனா முதல் கேள்விக்கு என் பதில், இப்ப வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். ஆம்பளைங்களுக்கு வர்ற வழுக்கை டிஎச்டின்னு ஒரு ஹார்மோனால வர்றது, அது முன்பக்க, உச்சி முடியோட வேரைக் கொஞ்சம் கொஞ்சமா சுருக்கிட்டே போகும், பின்னந்தலையும் காது ஓரமும் மட்டும் அதுக்கு பெருசா மசியாது, அதான் எவ்ளோ வழுக்கையான தாத்தாவுக்கும் பின்னாடி ஒரு வளையம் மாதிரி முடி இருக்கும். பின்னாடி இருந்து எடுத்த முடியை முன்னாடி நட்டாலும் அது பின்னந்தலை குணத்தோடவே இருக்கும், உதிராதுன்னு நியூயார்க்ல நார்மன் ஓரென்ட்ரைக்னு ஒரு தோல் டாக்டர் 1950கள்ல கண்டுபிடிச்சார். இன்னைக்கு வரைக்கும் இந்த மொத்த பிசினஸும் அந்த ஒரு விசயத்து மேலதான் ஓடுது. எங்கப்பாகிட்ட இதைச் சொன்னப்ப, "நாத்து பிடுங்கி நடற மாதிரிதானடா"ன்னார். அதேதான், ஒரே வித்தியாசம், இந்த நாத்தங்கால்ல மறுபடி விதைக்க முடியாது. பிடுங்கின இடத்துல திரும்ப முளைக்காது. பின்னாடி மெலிஞ்சு தெரியாம வாழ்நாள் மொத்தத்துக்கும் எடுக்கக்கூடியது நிறைய பேருக்கு ஐயாயிரம் ஆறாயிரம் கிராஃப்ட்தான் (கிராஃப்ட்னா ஒரே துளைல இருந்து வர்ற முடிக் கொத்து), அடர்த்தி கம்மியா இருக்கறவங்களுக்கு அதுவும் இல்ல.

இப்ப கணக்கு போடுங்க. 24ல ரெண்டாயிரத்து சொச்சம் கிராஃப்ட் வச்சு கீழ இறக்கி ஒரு ஹேர்லைன் போட்டாச்சு, கல்யாண போட்டோ சூப்பர். நட்டது நிக்கும், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற உங்க சொந்த முடி கொட்டறதை எந்த ஆபரேசனும் நிறுத்தாது. 35 வயசுல முன்னாடி ஒரு வேலி, அதுக்குப் பின்னாடி பொட்டல், அதை நிரப்பறதுக்கு ஸ்டாக் பாதியோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். வழுக்கையை அளக்க நார்வுட் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 1ல இருந்து 7 வரைக்கும். 24ல 3வது ஸ்டேஜ்ல இருக்கறவன் கடைசில 4லயே நிப்பானா 6க்கு போவானான்னு எந்த டாக்டராலயும் உறுதியா சொல்ல முடியாது. அப்பா, தாய்மாமன், ரெண்டு பக்க தாத்தா தலையையும் பாத்து ஒரு ஊகம் பண்ணலாம், அவ்ளோதான்.

நான் போன முதல் இடத்துல இதுல ஒரு வார்த்தை பேசல. கன்சல்டன்ட்னு ஒரு பையன் வந்தான், நல்லா பேசினான், கருப்பு மார்க்கரை எடுத்து என் புருவத்துக்கு மேல நாலு விரல் கூட இல்லாத எடத்துல ஒரு கோடு போட்டு கண்ணாடியைக் காட்டி "சார் காலேஜ் பையன் மாதிரி இருக்கீங்க"ன்னான், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா ஆஃபர், இஎம்ஐ உண்டு. டாக்டர் யாருன்னு கேட்டா "சார் ஆபரேசன் அன்னைக்கு வருவார்". வெளிய வந்து நெத்தியைத் தேச்சுத் தேச்சு கழுவியும் அந்தக் கோடு போகல, பஸ்ல அப்படியே வந்தேன்.

அப்புறம் போனது ஒரு தோல் டாக்டர்கிட்ட, அந்தம்மா முன்பக்கத்தைப் பாக்கவே இல்ல. திரும்பி உக்காருங்கன்னுட்டு பின்னந்தலைல ஒரு சின்ன கேமராவை வச்சு ஸ்கிரீன்ல காட்டினாங்க, ஒவ்வொரு துளைல இருந்தும் ரெண்டு மூணு முடி கொத்தா வருது, அந்தக் கொத்துதான் ஒரு கிராஃப்ட். அதனால யாராவது "ரெண்டாயிரம்"னு சொன்னா அது முடி எண்ணிக்கையா கிராஃப்ட் எண்ணிக்கையான்னு கேட்டுக்கோங்க, விலையே அதுல மாறும். ரத்தத்துல இரும்புச்சத்து, தைராய்டு டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க, அதுல பிரச்சனைன்னாலும் முடி கொட்டும்ல. எல்லாம் நார்மல். "ஒரு வருசம் மாத்திரை சாப்பிடுங்க, மருந்து தடவுங்க, கொட்டறது நின்னா அப்புறம் பேசலாம்"னு அனுப்பிட்டாங்க. ஆபரேசன் வேணும்னு காசோட வந்தவனை திருப்பி அனுப்பின டாக்டர்கிட்டயே பண்ணணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அந்த மாத்திரை ஃபினாஸ்டரைடு, தடவறது மினாக்சிடில். அமெரிக்காவுல தலைல தடவற மினாக்சிடிலுக்கு 1988லயும், வழுக்கைக்கு சாப்பிடற ஃபினாஸ்டரைடுக்கு 1997லயும் அனுமதி குடுத்தாங்க, அவ்ளோ பழைய மருந்து, ரெண்டும் மெடிக்கல்ல கிடைக்கும், ஆனா டாக்டர் சொல்லாம நீங்களே வாங்கிப் போடாதீங்க. ஃபினாஸ்டரைடு சாப்பிடற கொஞ்சம் பேருக்கு செக்ஸ் ஆர்வம் குறையறது, விறைப்புப் பிரச்சனை, மனசு டல்லாகறது எல்லாம் வரலாம், அப்படி வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், கூச்சப்பட்டு மறைக்கற விசயம் இல்ல. சாப்பிடற வரைக்கும் ரத்தம் குடுக்கக் கூடாது, நிறுத்தி ஒரு மாசம் கழிச்சுதான். கர்ப்பமா இருக்கற பொண்ணுங்க உடைஞ்ச மாத்திரையைத் தொடவே கூடாது. மினாக்சிடில் தடவ ஆரம்பிச்சா முதல் சில வாரம் இன்னும் ஜாஸ்தி கொட்டும், பயந்து நிறுத்திடறாங்க நிறைய பேர். ரெண்டையும் நிறுத்தினா காப்பாத்தி வச்சது சில மாசத்துல போயிரும். ஆபரேசன் பண்ணினாலும் மாத்திரை தொடரணும், அதை முதல்லயே மனசுல வாங்கிக்கணும், "ஒரு தடவை பண்ணிட்டா டென்சன் ஓவர்"ங்கறது விளம்பரம். உங்களுக்கு நான் சொல்றதும் இதுதான், முதல்ல மருந்து, ஆபரேசன் முப்பதுக்கு மேல.

எஃப்யுடி, எஃப்யுஇன்னு ரெண்டு முறை. எஃப்யுடில பின்னாடி ஒரு பட்டை தோலை வெட்டி எடுத்து தைப்பாங்க, அதை மைக்ராஸ்கோப்ல வச்சு கிராஃப்டா பிரிப்பாங்க, பின்னாடி கோடா ஒரு தழும்பு நிக்கும். எஃப்யுஇல ஒரு மில்லிமீட்டர் அளவு பஞ்ச் வச்சு ஒவ்வொண்ணா எடுப்பாங்க, புள்ளி புள்ளியா தழும்பு, முடி கொஞ்சம் வளந்தா தெரியாது. நம்மாளுங்க யோசிக்க வேண்டிய ஒரு விசயம் இருக்கு, அது எந்த வீடியோவுலயும் வராது, மொட்டை. எங்க வீட்ல பழனிக்கு வேண்டுதல்னா ஆம்பளைங்க எல்லாரும் மொட்டை போடுவோம், நாளைக்கு கருமாதின்னாலும் போடணும். கோடு தழும்போட மொட்டை போட்டா ஊருக்கே தெரியும். அதனால எஃப்யுஇ எடுத்துக்கிட்டேன். மொட்டை போடலாமான்னு கேட்டதுக்கு டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "நட்டது வேர் பிடிச்சுட்டா சாதா முடிதாங்க, ஒரு வருசம் மட்டும் முருகன்கிட்ட டைம் வாங்கிக்கோங்க"ன்னாங்க.

செலவு கிராஃப்ட் கணக்குல வரும், ஊருக்கு ஊர் இடத்துக்கு இடம் மாறும். எனக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு. பில்லுல 18% ஜிஎஸ்டி தனியா நின்னுச்சு, வைத்தியத்துக்கு ஏதுங்க ஜிஎஸ்டின்னு கேட்டேன், ஹேர் டிரான்ஸ்பிளான்ட் அழகு சிகிச்சைல சேருது, வரிவிலக்கு கிடையாது. இன்சூரன்ஸும் குடுக்காது. கொட்டேசன் வாங்கும்போதே வரியோட கேளுங்க.

விலை கம்மின்னு கண்ட எடத்துக்குப் போகாதீங்கன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2016ல சென்னைல எம்பிபிஎஸ் கடைசி வருசம் படிச்ச ஒரு பையனே, வயசு 22, முடி நடப்போய் செத்துப்போனான், பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. கான்பூர்ல ரெண்டு இன்ஜினியர்கள் இறந்து 2025ல ஒரு பல் டாக்டர் மேல கேஸ் போட்டாங்க. மரக்கறதுக்கு போடற ஊசிக்கு உடம்பு எடைக்குத் தகுந்த அளவு இருக்கு, அது மீறினா ஹார்ட் வரைக்கும் போகும், அந்த நேரத்துல சமாளிக்க ஆளும் ஆக்சிஜனும் பக்கத்துல இருக்கணும். யூடியூப்ல பாத்தோ ஒர்க்‌ஷாப்ல வேடிக்கை பாத்தோ கத்துக்கிட்டது போதாதுன்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையமே எழுதி வெளியிட்டுச்சு, அப்படி எழுத வேண்டிய நிலைமை இருக்குன்னுதான் அர்த்தம். டாக்டர் பதிவு நம்பர் என்ன, ஊசி யார் போடுவாங்க, கீறல் யார் போடுவாங்க, எவ்ளோ நேரம் டாக்டர் ரூம்ல இருப்பாங்க, இதெல்லாம் முகத்துக்கு நேரா கேளுங்க. மூஞ்சி சுளிச்சா எந்திரிச்சு வந்துருங்க.

ஆபரேசன் நாள். வலின்னா அந்த மரத்துப்போற ஊசிதான், தலையைச் சுத்தி வரிசையா போடுவாங்க, சில நிமிசம் கண்ணுல தண்ணி வந்துரும், பொய் சொல்லல. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது, ஆனா சத்தம் கேட்கும், மண்டைக்குள்ள நறுக் நறுக்னு, அது வலியை விட ஒரு மாதிரி இருந்துச்சு. காலைல குப்புறப் படுக்க வச்சு எடுத்தாங்க. எடுத்ததை ஐஸ் மேல சின்ன தட்டுல சலைன் தண்ணில வச்சு ஒத்தை முடி, ரெட்டை, மூணுன்னு தனித்தனியா அடுக்கறாங்க, எழுந்து ஒண்ணுக்குப் போகும்போது எட்டிப்பாத்தேன், கருவேப்பிலைக் காம்பு நுனி சைஸ் கூட இல்ல. ஒத்தை முடியெல்லாம் முன்வரிசைக்கு, அப்பத்தான் பொம்மை முடி மாதிரி தெரியாது. மத்தியானம் தயிர்சாதம், அப்புறம் மல்லாக்கப் படுக்க வச்சு கீறல் போட்டு நட்டாங்க, டெக்னீசியன் பொண்ணுங்க ரெண்டு பேரு அவங்க ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டைத் திட்டிட்டே நட்டாங்க, நான் தூங்கிட்டேன். இருட்டினதும் வீடு.

ரெக்கவரி. முதல் சில ராத்திரி தலையணை ரெண்டு மூணு அடுக்கி பாதி உக்காந்த மாதிரி தூங்கணும், கழுத்துக்கு அந்த டிராவல் தலையணை வாங்கி வச்சுக்கோங்க, ரொம்ப உதவும். நட்ட எடத்துல எதுவும் உரசக்கூடாது, சலைன் ஸ்பிரே அடிச்சுட்டே இருக்கணும். மூணாவது நாள் வாக்குல நெத்தில வீக்கம் வந்து அப்படியே கண்ணுக்கு இறங்கும், நான் கண்ணாடில பாத்து பயந்துட்டேன், எங்கம்மா "தேனீ கொட்டினவன் மாதிரி இருக்க"ன்னாங்க, தானா வடிஞ்சுரும். சட்டை பட்டன் வச்சதாவே போடுங்க, டிசர்ட் தலை வழியா போட முடியாது. குளிக்கறது மக்குல, சாம்பாரை ஊத்தற மாதிரி மெல்ல, ஷாம்பூவைத் தண்ணில கலக்கி மேலாக ஊத்தறது. பொருக்கு பத்து நாள் வாக்குல ஊறி உதிரும், நகத்தால பிச்சீங்கன்னா கிராஃப்டும் சேந்து வரும். பின்னாடி அரிக்கும் பாருங்க, அதான் உண்மையான கொடுமை. சில வாரத்துக்கு பின்னந்தலை மரத்தே கிடந்துச்சு, தொட்டா அடுத்தவன் தலையைத் தொடற மாதிரி.

லீவு கேட்டீங்கல்ல, உக்காந்து பாக்கற வேலைன்னா நாலஞ்சு நாள்ல போகலாம், ஆனா தலை செக்கச்செவேல்னு இருக்கும். வெளிய தெரியக்கூடாதுன்னா ரெண்டு வாரம். யாரும் சொல்லாத பிரச்சனை ஹெல்மெட். ரெண்டு வாரத்துக்குக் கிட்ட போடக்கூடாதுன்னாங்க, போடாம வண்டி ஓட்டவும் கூடாது, அதனால பஸ்தான். அம்மா சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பழனிக்குப் போனான்னு சொல்லிட்டாங்க, ஆபரேசனுக்காக மொட்டையும் அடிச்சிருந்தாங்களா, யாருக்கும் சந்தேகம் வரல, ஒரு அத்தை மட்டும் பஞ்சாமிர்தம் எங்கன்னு கேட்டுட்டாங்க.

அடுத்து வர்றதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. மூணு வாரத்துல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள நட்டதுல முக்காவாசி கொட்டிரும். முடிதான் விழுது, வேர் உள்ள தூங்குது, இது வழக்கமா நடக்கறதுதான். தெரிஞ்சும் தலையணைல பாக்கும்போது வயிறு கலங்கும். சில நேரம் பக்கத்துல இருந்த சொந்த முடியும் அதிர்ச்சில சேந்து கொட்டும். மூணு மாசம் வரைக்கும் பழசை விட மோசமா இருப்பீங்க, நடுவுல சின்னச் சின்னப் பரு வரும். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி பண்ணலாம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. நாலாவது மாசம் பூனைமுடி மாதிரி சுருளா வந்துச்சு, ஆறு எட்டு மாசத்துல அடர்த்தி, முழுசா பாக்க ஒரு வருசம், உச்சின்னா இன்னும் லேட்டாகும்.

இப்ப எனக்கு எப்படி இருக்குன்னா, நல்லா இருக்கு, ஆனா பத்தொன்பது வயசு தலை இல்ல. நல்ல வெளிச்சத்துல ஈரத்தலையோட பாத்தா மண்டை தெரியும். ஹேர்லைனை டாக்டர் வேணும்னே கொஞ்சம் மேல, லேசா கோணல்மாணலா வச்சாங்க, அப்ப எனக்கு மனத்தாங்கல், இப்ப முடிவெட்டற அண்ணனுக்கே நான் சொல்லித்தான் தெரிஞ்சுது. பொண்ணு வீட்ல சொல்லணுமான்னு இன்னொருத்தர் கீழ கேட்டிருந்தார், நான் நிச்சயத்துக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், "மாத்திரை சாப்பிடறீங்களா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல"ன்னு மட்டும் கேட்டுச்சு, நியாயமான கேள்வி.

எந்த கிளினிக்னு மெசேஜ்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், எனக்கு செட்டானது உங்களுக்கு ஆகணும்னு இல்ல. அப்புறம் வீட்ல பூனை இருக்கறவங்க மினாக்சிடில் தடவினா ஜாக்கிரதை, அது பூனைக்கு விஷம், தலையணையை நக்கினாக்கூட ஆபத்து. எங்க வீட்டுப் பூனைக்கு இப்ப என் ரூம்ல அனுமதி இல்ல.