கிரகணத்தன்று பாம்பனில் கடல் உள்வாங்கியது கிரகணத்தாலா?

கிரகணத்தன்று பாம்பன் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கரையோரத் தரை வெளியே தெரிந்ததே, கிரகணம்தான் கடலை இழுத்ததா, அமாவாசைக்கு அமாவாசை ஏன் கிரகணம் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தர்ப்பணத்துக்கு ராமேஸ்வரம் வந்த வெளியூர்க்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். கடற்கரைக்காரர்கள் அந்தத் தரையை வருடம் பல முறை பார்க்கிறார்கள்.

கிரகணம் கடலை இழுப்பதில்லை. கிரகணம் என்பது நிழல். இழுப்பவை நிலவும் சூரியனும். கிரகணமே இல்லாத அமாவாசை, பௌர்ணமியிலும் அவை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் கிரகணம். வானத்தில் சூரியன், நிலவு இரண்டும் அரை பாகை (டிகிரி) அகலம்தான். நிலவின் பாதையோ பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். இரு பாதைகளும் வெட்டும் புள்ளிகள் இரண்டு. பஞ்சாங்கம் ராகு, கேது என்று கணக்கிடுவது அவற்றைத்தான். சூரியன் 173 நாளுக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றை நெருங்கும். அந்தச் சமயத்து அமாவாசை, பௌர்ணமியில்தான் கிரகணம். பஞ்சாங்கத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு திதி என்பதே சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே 12 பாகை விலகல். கடலுக்கு அதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது.

இனி ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது. நிலவை நோக்கிய பக்கத்துக் கடலை நிலவு பூமியின் மையத்தைவிடக் கூடுதலாக இழுக்கிறது, மறுபக்கத்துக் கடலை மையத்தைவிடக் குறைவாக. இரு பக்கமும் நீர் மேடாக நிற்பதால் 24 மணி 50 நிமிடத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓதத்தில் சூரியனின் பலம் நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, 46 சதவீதம். அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் சேரும். அஷ்டமி, நவமியில் ஒன்றையொன்று குறைக்கும். பெரிய ஓதம் அமாவாசையன்றே வர வேண்டும் என்பதில்லை, ஓரிரு நாள் தள்ளியும் வரும்.

கிரகணத்தன்று மூன்றும் இன்னும் துல்லியமாக நேர்கோட்டில் நிற்கின்றனவே என்பீர்கள். அந்த 5 பாகை திருத்தத்தால் ஓதம் ஒரு சதவீதம்கூட அதிகரிப்பதில்லை. கூட்டுவதும் குறைப்பதும் தூரம். நிலவு 3,63,000 கிலோமீட்டரில் இருக்கும்போது அதன் ஓத பலம் 4,05,000 கிலோமீட்டரில் இருப்பதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் பத்து நிமிடம் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவு தொலைவில் இருந்து சிறிதாகத் தெரிந்ததால்தான் சூரியன் வளையமாக மிஞ்சியது. ஆகவே அன்று நிலவின் ஓத பலம், அது அருகில் வரும் சாதாரண அமாவாசையைவிடக் குறைவு.

அப்படியானால் தரை ஏன் தெரிந்தது? நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் வடகடல் ஆழமற்றது, கரையோரத் தரை மெல்லச் சரிவது. சரிவு 200 அடிக்கு ஓர் அடி என்று வைத்தால், நீர் ஓர் அடி இறங்கினாலே 200 அடித் தரை வெளியே வந்துவிடும். கடற்புல் சாய்ந்து கிடக்கும், வள்ளம் தரைதட்டும். இதோடு காற்றும் சேரும். சோளகம் வலுக்கும் மாதங்களில் தெற்குக் காற்று வடகடல் கரைத் தண்ணீரை வடக்கே தள்ளும். வாடை வீசும்போது அதே தண்ணீர் கரைக்கு ஏறி வரும். காற்றழுத்தமும் உண்டு: ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும்.

எது எதனால் என்று பிரிக்க நேரத்தைப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் இறங்கி அதே போல ஏறினால் ஓதம். நாள் முழுக்க இறங்கியே கிடந்தால் காற்று. சில நிமிடங்களில் கடல் விறுவிறுவென்று பின்வாங்கினால் சிப்பி பொறுக்கப் போகாதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள்; அது சுனாமியாக இருக்கலாம்.

நீங்களே அளந்து பார்க்கலாம். நான்கு அங்குல பிவிசி குழாயின் அடியை மூடி, பக்கவாட்டில் பென்சில் பருமனுக்கு ஒரே துளை போடுங்கள். படகு அணையும் மேடையின் தூணில், துளை கடும் வற்றத்திலும் நீருக்குள் இருக்கும்படி கட்டுங்கள். மணலில் நட்டால் குழாய் இறங்கும், கணக்கு கெடும். உள்ளே தெர்மாக்கோல் மிதவை, அதில் சென்டிமீட்டர் குறித்த குச்சி. அரைமணிக்கு ஒருமுறை, 25 மணி நேரம் எழுதுங்கள். துளை பெரிதானால் அலை உள்ளே ஆடும். பாசியோ கொட்டலசோ (தூணில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) துளையை அடைத்தால் குழாய் நீர் வெளிநீருக்குப் பின்தங்கும். நிலவு உச்சிக்கு வந்து எத்தனை மணி கழித்து ஏற்றம் வருகிறது என்று கண்டுவிட்டால், அந்தத் துறைக்கு அந்த இடைவெளி பெரிதாக மாறாது. அமாவாசையில் நிலவு உச்சிக்கு வருவது நண்பகலை ஒட்டி, பௌர்ணமியில் நள்ளிரவை ஒட்டி. எனவே ஒரே துறையில் பெரிய ஏற்றங்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில் வரும்.

1964 டிசம்பர் 19இல் சந்திர கிரகணம், 22 இரவு தனுஷ்கோடி அழிந்தது, இதற்கென்ன சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்பார். தனுஷ்கோடியை மூழ்கடித்தது புயல் காற்று தள்ளி வந்த நீர். அந்த உயிரிழப்பை ராகு கணக்கில் எழுதினால், அடுத்த புயல் எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமாவாசை நீராடிவிட்டு உடுத்திய துணியைக் கடலில் விடுகிறார்களே, அந்தப் பெரிய ஓதம் அதைக் கரையோரமெங்கும் இழுத்துப் போய் வலையிலும் விசைப்படகை உந்தும் காற்றாடியிலும் சுற்றுகிறது. வலை கிழிந்தால் நஷ்டம் மீனவருக்கு. துணியைக் கரையில் வையுங்கள்.

அடுத்த கிரகணத்துக்கு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தின் இழுப்பு அதிகம். குழந்தைகளை அங்கே தண்ணீரில் இறக்காதீர்கள்.