ராணுவ உளவுப் பிரிவில் சேர்வது எப்படி? உள்ளே வாழ்க்கை எப்படி இருக்கும்?

கல்லூரிக் கடைசி வருடத்தில் இருப்பதாகவும், ராணுவ உளவுப் பிரிவில் சேர்வதுதான் கனவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சேர்வது, வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை எழுத வைத்தது இரண்டாவது கேள்விதான்.

நிறையப் பேர் மூன்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 'ரா' என்பது 1968இல் தொடங்கிய வெளிநாட்டு உளவு அமைப்பு. ஐ.பி. உள்நாட்டு உளவு அமைப்பு, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நீங்கள் கேட்பது ராணுவத்துக்குள்ளேயே இருக்கும் இன்டெலிஜென்ஸ் கோர். சீருடை, பதவி, அணிவகுப்பு எல்லாம் மற்ற ராணுவத்தினருக்கு உள்ளதுபோலத்தான். பயிற்சிப் பள்ளி புனேயில் இருக்கிறது. பட்டதாரி என்றால் அதிகாரியாகவே சேரலாம்: யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். என்ற தேர்வை எழுதி, எஸ்.எஸ்.பி. என்ற ராணுவத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகத்தைத் தாண்டினால், நம் சென்னைப் பரங்கிமலை அகாடமியிலேயே பயிற்சி கிடைக்கலாம். பெண்களும் போகலாம். சிப்பாயாகப் போவதென்றால் 2022இலிருந்து அக்னிவீர் முறைதான்: நான்கு வருடம், முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது தகுதியையும் காலியிடத்தையும் பொறுத்தது. உளவுப் பிரிவிலேயே இடம் வாங்கித் தருகிறேன் என்று எந்தக் கோச்சிங் சென்டர்காரர் சொன்னாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சரி, இனி வேலை.

நான் காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவன். 1987இல் அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குப் போனபோது எனக்கு உளவு பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தமிழ் தெரியும், அரைகுறை ஹிந்தியும் தெரியும். அந்த ஒரே காரணத்துக்காக என்னை ஒரு உளவுக் குழுவோடு இன்டர்பிரட்டராக அனுப்பினார்கள். ரகசியத்தை வெளியே சொல்கிறாய் என்று யாரும் 1923ஆம் வருட அரசு ரகசியச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். 35 வருடங்களுக்கும் மேலான கதை இது. இதில் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இல்லை. அமைதிப்படைக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் எங்கள் படை நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் செத்தார்கள். அதை மறுக்கிற ஆள் நானில்லை. அதே மாதத்தில், 11ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படை வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். எங்கள் வயர்லெஸ் பேச்சைப் புலிகள் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தார்கள். எங்களிடம் இருந்ததோ பழைய வரைபடங்கள்.

வடமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் சுற்றிவளைப்பு. 1988 தொடக்கம், விடிகாலை. எங்கள் கேப்டன் வடக்கத்தியர், நல்ல மனிதர். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே யார் என்று கேட்கச் சொன்னார் கேப்டன். கேட்டேன். அந்த அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது:

"பெடியள் உள்ளுக்கை படுத்திருக்குதுகள், தம்பி."

பெடியள் என்றால் பையன்கள். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே இயக்கத்துக்காரர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். புறப்படும் முன் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பத்துப் பதினைந்து வார்த்தைகளில் அது முதல் வார்த்தை. என் காது அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "சாப், லட்கே அந்தர் ஹை" என்றேன், பையன்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று. கேப்டனுக்கும் அந்த வார்த்தையின் இன்னொரு அர்த்தம் தெரியும். அரை நிமிடத்தில் வீட்டைச் சுற்றித் துப்பாக்கிகள். ஒருவர் கதவை உதைத்தார். பழைய கதவு, பெயர்ந்து உள்ளே விழுந்தது.

உள்ளே இரண்டு பையன்கள். ஒருவனுக்கு ஒன்பது வயது இருக்கும், இன்னொருவன் அதைவிடச் சின்னவன். பேரப்பிள்ளைகள், காய்ச்சலில் பாயில் கிடந்தார்கள். கதவு பெரியவனின் கையில் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது.

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். கேப்டனையோ உதைத்தவரையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ தமிழன் எண்டுதானே தம்பி உன்னட்டைச் சொன்னனான்" என்றார்.

அன்று இரவு கேப்டன் என்னை உட்காரவைத்து, அந்த அம்மா சொன்னதை அப்படியே தமிழில் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டார். வாக்கியத்தின் வினைச்சொல்லுக்கு வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. 'படுத்திருக்குதுகள்'. இயக்கத்துப் பெரிய பையன்களாக இருந்தால் 'படுத்திருக்கினம்' என்றிருப்பார். சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான் '-குதுகள்' என்று முடிப்பார்கள். நம் ஊரில் 'புள்ளைங்க தூங்குதுங்க' என்கிறோமே, அதேதான். என் அம்மா தினமும் பேசிய பேச்சு! பதில் முழுக்க அந்த வினைச்சொல்லின் வாலில் இருந்தது. நான் எதிர்பார்த்த வார்த்தை வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிட்டதால் மீதியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கேப்டன் திட்டவில்லை. "இனிமேல் கேட்டதை ஒரு பத்தியில் எழுது, நீ நினைப்பதை வேறு பத்தியில் எழுது" என்றார். பிறகு உளவுப் பிரிவுக்கே மாறி, புனேயில் படித்து, ஹவில்தாராக ஓய்வு பெறும்வரை நான் கற்ற எல்லாம் அந்த இரண்டு பத்திக்குள் அடங்கும். பிரிட்டிஷ் கடற்படையில் பிறந்த ஒரு தர முறை உண்டு. தகவல் சொன்னவரின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை, தகவலுக்கு 1 முதல் 6 வரை. எஃப் 6 என்றால், ஆளையும் எடைபோட முடியவில்லை, தகவலையும் எடைபோட முடியவில்லை என்று அர்த்தம். இளைஞர்கள் அதை எழுதக் கூச்சப்படுவார்கள், வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று. எனக்கு அந்தக் கூச்சம் வடமராட்சியிலேயே போய்விட்டது.

கார்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 மே மாதத் தொடக்கத்தில் பாகிஸ்தான் ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர் தாஷி நம்க்யால் என்ற ஆடு மேய்ப்பவர். தொலைந்த யாக் எருதைத் தேடிப் போனவர். அந்த மலையில் எது வழக்கம், எது புதிது என்று அவருக்குத் தெரியும். பிறகு நம் திருச்சிக்காரரான கே. சுப்பிரமணியம் தலைமையில் அதை ஆராயக் குழு போட்டார்கள், 2002இல் முப்படைக்கும் பொதுவான உளவு அமைப்பும் வந்தது. ஆனால் முதல் தகவல் அந்த மேய்ப்பரிடமிருந்து வந்தது. அப்படிப்பட்டவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்பதுதான் பெரும்பாலான நாட்கள் இந்த வேலை. மீதி நாட்கள் ஃபைல். கறுப்புக் கண்ணாடி, பொய் மீசை எதுவும் கிடையாது.

அதனால் மொழி படியுங்கள். ஹிந்தி இல்லாமல் உள்ளே ஒரு நாள் ஓட்ட முடியாது. அரசியல் பேசவில்லை, பிழைப்பைச் சொல்கிறேன். சீனமோ பர்மிய மொழியோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கை பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வேலை தேடிப் போன ஒரு கம்பெனியில் "மிலிட்டரியில் என்ன செய்தீர்கள்?" என்றார்கள். விவரமாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்றார்கள். ஊரிலோ, கல்யாண வீடோ எழவு வீடோ, என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்று: "கேன்டீன்ல ரெண்டு பாட்டில் கிடைக்குமா?" 24 வருடம் சேவை செய்தவனுக்கு ஊரில் இருக்கும் அடையாளம் அதுதான். மனசு வலிக்கிறது, தம்பி.

வீட்டிலும் பேச முடியாது. என் மனைவிக்கு நான் ஆபீஸ் வேலை பார்த்ததாகத்தான் பல வருடம் தெரியும். வடமராட்சிக் கதையைப் போன வருடம்தான் அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பையனுக்குக் கை சரியாச்சா?" என்றாள்.

எங்கள் டாக்டர் கட்டுப் போட்டதை மட்டும் பார்த்தேன். அடுத்த வாரமே எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தெரியாது என்றேன்.